பள்ளிக்கூடப் பெட்டியில் நான் எழுதிய விதி

எங்கள் மலையூர்ப் பள்ளிக்கூடத்தின் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டு மேற்கே பார்த்து நிற்கிறது. அடிவாரத்து ஊரில் ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கும் இன்னொரு தட்டிலிருந்து அது சிக்னலை வாங்கி, தலைமையாசிரியர் அறை அலமாரியில் உள்ள ஒரு பெட்டிக்கு அனுப்புகிறது. அந்தப் பெட்டியிலிருந்துதான் எங்கள் ஊருக்கும் அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் இணையம் போகிறது. பெட்டியின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அந்த ஒரு பாஸ்வேர்டால் நடந்தது.

நான் மின்னணுவியல் படித்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் மூன்று வருடம் ஷிப்டு பார்த்தேன். பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னார்கள். வீடு இருக்கும் இடத்தில் இணையம் இல்லை என்பது மட்டும்தான் சிக்கல். அதைத் தீர்க்க நான் அடிவாரத்தில் ஆள் தேடியபோது கிடைத்தவர் வாணியம்பாடியைச் சேர்ந்த ஒரு பாய். அவருடைய அப்பா தோல் மண்டி வைத்திருந்தவர். இவர் கேபிள் டிவியில் தொடங்கி இணைய இணைப்புக்கு வந்திருந்தார். தை மாதத்தில் ஜீப்பின் மேல் தட்டையும் இரும்புக் குழாயையும் கட்டிக்கொண்டு அவரே ஏறி வந்தார். கூரையில் நின்று திருகு முடுக்கும்போது தூறல் விழுந்தது. "தோலு நனைஞ்சா காயவெக்கலாம். உன் மிஷினு நனைஞ்சா இன்னாமா பண்றது?" என்று கேட்டுவிட்டு, தன் சட்டையைக் கழற்றித் தட்டின்மேல் போர்த்தினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இன்றும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரை எதிர்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

நான் எதையும் பட்டியலாக எழுதி வைப்பவள். ஜீப்பில் கீழே போனால் வாங்க வேண்டியவை, பழுது வந்தால் பார்க்க வேண்டியவை, அம்மாவிடம் பேசக்கூடாதவை என எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. இணைப்பு வந்த அடுத்த மாதமே புதிதாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது. ஊரில் ஆறு பெண்கள் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நேரலையில் பயிற்சி வகுப்பு. காலை பத்து மணிக்கு ஆசிரியர் பேச ஆரம்பித்தால் பாதியில் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். அவர் மறுபடி அசையும்போது கணக்கு முடிந்து வேறு கணக்கு வந்திருக்கும். அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, எவனெவனோ ரீல்ஸு பாக்கறான், எங்க வாத்தியாரு செலையாட்டம் நிக்கிறாரு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து, மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, வரிசையை எழுதினேன்.

ஒன்று, பயிற்சி வகுப்பு. இரண்டு, துணை சுகாதார நிலையம். மூன்று, சான்றிதழ், பட்டா விண்ணப்பங்கள். நான்கு, மெசேஜ். ஐந்து, மற்ற வீடியோ எல்லாம்.

காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஐந்தாவதற்கு மிகக் குறைந்த வேகம் என்று விதி போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் வாத்தியார் நிற்காமல் பேசினார். சென்னையில் நாள் முழுக்க நான் செய்த வேலை இதுதான், இப்போது என் ஊருக்காகச் செய்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கல்லூரியில் படித்த காலத்தில் நான் இதற்கு நேரெதிராக நின்றவள். அப்போது ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஏழைகளுக்கு இலவச இணையம் தருகிறோம், ஆனால் நாங்கள் பொறுக்கித் தரும் சில தளங்கள் மட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நெட் நியூட்ராலிட்டி என்ற சொல்லை அப்போதுதான் கேள்விப்பட்டேன். தமிழ்ச் செய்தித்தாள்கள் இணையச் சமத்துவம் என்று எழுதின. விஷயம் எளிமையானது. கம்பியைக் கொண்டுவருபவர் கம்பியை மட்டும் பார்க்க வேண்டும், அதில் போவது என்ன என்று பார்த்து ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும், ஒன்றை இலவசமாகவும் ஒன்றைக் கட்டணத்துக்கும் விடக்கூடாது. விடுதி அறையில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து தொலைத்தொடர்பு ஒழுங்காணையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் வித்தியாசம் காட்டக்கூடாது என்று கடைசியில் விதி வந்தது. வெற்றி என்று விடுதியில் கேசரி கிண்டினோம். அப்படிப்பட்ட நான்தான் அலமாரியைத் திறந்து ஐந்து வரி எழுதினேன். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றவில்லை. அங்கே தடுத்தது பெரிய நிறுவனம், இங்கே தடுத்தது நான். நான் நல்லவள் அல்லவா.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தட்டையான பாறை இருக்கிறது. சிக்னல் அங்கே நன்றாக வரும். தினமும் மதியம் ஒரு மணிக்கு அங்கே ஒரு அக்கா வந்து உட்காருவார். காது கேளாதவர், பேச்சும் வராது. ஊர் அவரை அழைக்கும் பெயரை நான் எழுதப்போவதில்லை. மகளிர் குழுவின் சாமை அரைக்கும் எந்திரத்தை ஓட்டுவது அவர்தான். அந்தச் சத்தத்தில் கால் மணி நேரம் நிற்க யாராலும் முடியாது. அவர் மட்டும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்து, கல் மாட்டிக்கொண்டதா என்று தெரிந்துகொள்வார். அவருடைய கணவர் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவருக்குக் காது கேட்கும், வாயும் பேசும். கல்யாணமான பிறகு மனைவியின் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவர். அவர்கள் இருவர் மட்டும் பேசும் மொழி அது, பள்ளியில் சொல்லிக்கொடுப்பது அல்ல. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மெசேஜால் பயனில்லை, குரல் அழைப்பாலும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பு, அது ஒன்றுதான். போனைப் பாறையில் ஒரு கல்லின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அக்கா இரண்டு கையாலும் பேசுவார்.

இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் பொய். எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் பெட்டியின் திரையில் பார்க்கும்போது அது "மற்ற வீடியோ" என்ற ஒரு வரி. அந்த வரிக்குள் ரீல்ஸும் இருந்தது, சீரியலும் இருந்தது, அக்காவின் கைகளும் இருந்தன. வரியைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் யாரும் புகார் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கை முழுக்கச் சாமை உமி. போனை என்னிடம் நீட்டினார். திரையில் அவர் கணவர், தலையில் துண்டு கட்டி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். படம் அப்படியே நின்றது. வெகு நேரம் கழித்து ஒருமுறை மாறியது. அப்போதும் கைகள் மடியில்தான். அக்கா தன் கைகளை மூடி மடியில் வைத்துக் காட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் கோச்சிக்கினு பேசாம கீறான்னு சொல்றா" என்றாள்.

கையால் பேசுகிறவர்களுக்குக் கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பேசாமல் இருப்பது. நமக்குப் படம் நின்றுவிட்டால் லைன் சரியில்லை என்று தெரியும், ஏனென்றால் குரலும் சேர்ந்து நின்றுவிடும், அல்லது படம் நின்றாலும் குரல் வரும். அக்காவுக்குக் குரலே இல்லை. பொங்கலுக்கு அவர் வராததில் இருவருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல். அதற்குமேல் இது. கணவர் முன்னால் வந்து உட்கார்ந்து, பதினோரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாக அக்கா நினைத்திருக்கிறார்.

பேசுவதற்கு மட்டும் மலையில் வேறு சிக்னல் உண்டு. அவர் எண்ணைக் கேட்டு நானே அழைத்தேன். எடுத்தவுடன், "அவகிட்ட நீயாவது சொல்லும்மா. எம்மா நாளா கையக் கட்டிக்கினு என் மூஞ்சியவே பாத்துனு உக்காந்திருக்கா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். இரண்டு பக்கமும் ஒரே படம். இருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்துக் காத்து ஓய்ந்திருக்கிறார்கள். அவர் இன்னும் ஒன்று சொன்னார். ஆனி மாதம் விதைப்புக்கு வந்துவிடுவதாக இருந்தாராம். வீட்டில் இப்படி இருந்தால் வந்து என்ன என்று, அடுத்த காப்பிப் பறிப்பு முடியும்வரை இருப்பதாக மேஸ்திரியிடம் நேற்றுத்தான் ஒப்புக்கொண்டாராம். சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி அந்த விதியை அழித்தேன். ஐந்து வரிகளும் போயின. அக்கா பாறையில் உட்கார்ந்து அழைத்தார். துண்டு கட்டிய தலை அசைந்தது, கைகள் எழுந்தன. அக்காவின் கைகள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. பாதி அழுகை, பாதி திட்டு. என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்கள். "லைன்ல கோளாறு. சரி பண்ணிட்டேன்" என்றேன். கோளாறுக்குக் காரணம் யார் என்று சொல்லவில்லை. அக்கா எனக்கு ஒரு படி சாமை கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாமை எங்கள் வீட்டில் வெகுநாள் அப்படியே இருந்தது.

வைகாசி கடைசியில், பலாப்பழ வாசனை ஊரையே தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பாய் மறுபடி ஏறி வந்தார். இந்த முறை தட்டு இல்லை, காகிதம் இருந்தது. மேலே அவருக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் மலை ஊர்களுக்காகப் புதுத் திட்டம் ஒன்று கொண்டுவந்திருக்கிறது. ஊர்ப் பாறையில் கோபுரம் வைக்க இடம் கொடுத்தால் மாதக் கட்டணமே கிடையாது. அந்த நிறுவனத்தின் சினிமா சீரியல் ஆப், மெசேஜ் ஆப், ஒரு கடை, ஒரு பயிற்சி வகுப்பு, இவையெல்லாம் இலவசம், இப்போது வருவதைவிடப் பல மடங்கு வேகம். மற்றவை எல்லாமும் வரும். மெதுவாக வரும்.

எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். காகிதத்தைக் காட்டினார். நான் போட்ட விதியில் ஐந்தாம் வரிக்குக் கொடுத்த வேகமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே.

சட்டப்படி இப்படிச் செய்யக்கூடாதே என்றேன். அது இணையமே இல்லை, நிறுவனத்தின் சொந்தப் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு, அதற்கு அந்தச் சட்டம் வராது என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம். மற்றதை மெதுவாக்குவது "மேலாண்மை". சென்னையில் நாங்களும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினோம். அன்றிரவே ஒழுங்காணையத்துக்கு ஒரு புகார் எழுதி அனுப்பினேன். ஆனால் ஊர்க்கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பதில் அதற்குள் வராது என்று எனக்குத் தெரியும்.

பாயிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன், முழுதாக அல்ல, வீடியோ அழைப்பு தேவைப்படுகிறது என்ற அளவுக்கு. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அவ்ளோதானேம்மா? அந்த ஆப்பையும் லிஸ்ட்ல சேக்கச் சொல்றேன். நானே போன் பண்றேன்" என்றார். வெறும் பேச்சாகச் சொல்லவில்லை, செய்யவும் செய்வார். சட்டையைக் கழற்றித் தட்டுக்குப் போர்த்திய ஆள்.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினேன். ஒத்துக்கொண்டால் கிடைப்பது ஒரு பக்கம்: கட்டணம் இல்லை, காவலர் தேர்வுப் பெண்களுக்கு வகுப்பு நிற்காது, அம்மாவுக்குச் சீரியல், அக்காவுக்குப் பாய் தயவில் ஒரு வழி. மறுபக்கம் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு வரிதான் வந்தது. பட்டியலில் இல்லாதவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரி மற்ற பக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நான் இந்த ஊரில் பிறந்தவள், ஜன்னலைத் திறந்தால் அக்கா தெரிவார், அப்படியும் விட்டுவிட்டேன். மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் கீழே உட்கார்ந்து பட்டியல் போடுகிறவருக்கு எங்கள் ஊரில் யார் தெரியும்? விடுபட்டவர் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னால் சேர்ப்பார்கள் என்றால், சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது வழி. கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். அப்படிப் பேசினால், பதினோரு நாளையும் சொல்லாமல் பேச முடியாது என்பதும் தெரிந்தது.

எங்கள் ஊரில் பொது நிலத்தைத் தொடும் காரியம் என்றால் வீட்டுக்கு ஒரு சொல் வேண்டும். எல்லா வீடும் சரி என்றால்தான் சரி. ஆனால் ஆண் வெளியூர் போயிருக்கும் வீட்டை எண்ணுவதில்லை, விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அதனால் அக்காவின் வீட்டைப் பல வருடமாக யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை, ஊர்க்கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டரிடம் போனேன். எனக்கு மாமன் முறை. அந்த வீட்டையும் கேட்க வேண்டும் என்றேன்.

"ஆளு இல்லாத வூட்டுக்கு சொல்லு ஏது பாப்பா?"

"ஆளு போன்ல வந்தா?"

தாடையைச் சொறிந்தார். "போன்ல மூஞ்சி தெரியுமா?"

"தெரியும் மாமா."

"மூஞ்சி தெரிஞ்சா வந்த மாதிரிதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் களத்தில் கூடினோம். பாய் காகிதத்தை வாசித்தார். கட்டணம் இல்லை என்ற இடத்தில் ஒரு முணுமுணுப்பு, சீரியல் என்ற இடத்தில் பெண்கள் பக்கம் இன்னொன்று. அதில் என் அம்மாவின் குரலும் இருந்தது. தேர்வுப் பெண்கள் ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் தேர்வு. நான் எழுந்ததும் அந்த ஒருத்தி என்னை முறைத்தாள்.

நான் சொல்ல வேண்டியதை நான்கு குறிப்பாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதலிரண்டு குறிப்பையும் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே களம் சலித்துவிட்டது. இலவசமாக வருவதை வேண்டாம் என்கிறவளை யார் கேட்பார்கள்? பின்னாலிருந்து ஒருவர், ஊர் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "டவரு பொண்ணுக்கு பாஸ்வேர்டு கைய வுட்டுப் போயிடும்னு பயம்" என்றார். சிரித்தார்கள். காகிதத்தை மடித்தேன்.

"போன மாசி மாசம் நான் ஒரு தப்பு பண்ணேன்" என்று ஆரம்பித்தேன். அலமாரியைத் திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து வரிகள். பதினோரு நாள். மடியில் இருந்த கைகள். லைனில் கோளாறு என்று சொன்ன பொய். அக்காவின் கணவர் ஆனியில் வரப்போவதில்லை, அதற்குக் காரணம் நான்தான் என்பது. சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்காது என்ற தைரியமும் ஒரு பக்கம் இருந்திருக்கும்.

"நான் கெட்டது செய்யணும்னு செய்யல. எது முக்கியம்னு நானே முடிவு பண்ணேன், அவ்ளோதான். இந்தக் காகிதத்துலயும் யாரோ முடிவு பண்ணிக்கீறாங்க. அவங்களுக்கு நம்ம மூஞ்சிகூடத் தெரியாது."

பாய் தலை குனிந்து தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஜீப் ஓட்டும் அண்ணன் எழுந்தார். எங்கள் ஊருக்கு ஓடும் இரண்டு ஜீப்பில் ஒன்று அவருடையது. புளி மண்டி ஜீப்பை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் சின்னவளாக இருந்தபோது நடந்தது அது. அடிவாரத்து மண்டிக்காரர் ஒருவர் இலவச ஜீப் விட்டார். மூட்டைக்கும் ஆளுக்கும் கட்டணம் இல்லை, ஆனால் ஜீப் அவர் மண்டி வாசலில்தான் நிற்கும். ஒரு பருவம் எல்லோரும் அதில் போனார்கள். வேறு ஜீப்புகள் ஓட்டம் இல்லாமல் நின்றன. அடுத்த பருவம் மண்டிக்காரர் சொன்ன விலைக்குப் புளியைப் போட்டுவிட்டு வர வேண்டியிருந்தது, ஏனென்றால் வேறு மண்டிக்குப் போக வண்டியே இல்லை.

"மறக்கல. அந்த ஜீப்ப ஓட்டுனவன் யாரு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"நான்தான். அதனாலதான் எனுக்கு நல்லாத் தெரியும்" என்றார் அண்ணன். அன்றைக்குக் களம் முழுதாகச் சிரித்தது அப்போதுதான்.

ஊர்க்கவுண்டர் வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார். சரி என்றவர்கள் இருந்தார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றவர்கள் அதைவிட அதிகம். அக்காவின் வீட்டு முறை வந்தது. வழக்கம்போல விட்டுவிட்டுப் போகாமல் அவர் நின்றார். அக்கா எழுந்து, போனைப் பலிபீடத்துப் படியில் சாய்த்து வைத்து, அழைத்தார். கணவர் வந்தார். நான் முன்பே சொல்லி வைத்திருந்ததால் சட்டை மாற்றித் தலை வாரியிருந்தார். ஊர்க்கவுண்டருக்கு வணக்கம் வைத்தார். பாதி வணக்கத்தில் படம் நின்றது.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். களத்தில் இருந்த அத்தனை பேர் சட்டைப் பையிலும் மடியிலும் போன் இருந்தது. அத்தனையும் பள்ளிக்கூடத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இவருக்கு மட்டும் வேகம் கொடு என்று பெட்டியில் எழுத எனக்கு அரை நிமிடம் போதும். மடிக்கணினி பையில் இருந்தது. கை அதற்குப் போகவும் போனது. வெளியே எடுக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்ச நேரம் நெட்ட ஆஃப் பண்றீங்களா?" என்று கேட்டேன். "கட்டாயம் இல்ல. கேக்கறேன்."

முதலில் ஆஃப் செய்தது முன்வரிசைப் பெண்தான், என்னை முறைத்தவள். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள். பாயும் தன் இரண்டு போன்களையும் எடுத்து ஆஃப் செய்தார். வாசலில் குழந்தை மட்டும் அழுதது, அதன் அத்தை தூக்கிக்கொண்டு போனாள். கும்பிட்ட கை அசைந்தது.

ஊர்க்கவுண்டர் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, உன் வீட்டுச் சொல் என்ன என்று கேட்டார்.

"வூட்ல இருக்கறது அவதானுங்க. அவளைத்தான் கேக்கணும். அவ சொல்றத நான் வாயால சொல்றேன்" என்றார்.

பிறகு மனைவியிடம் கையால் பேச ஆரம்பித்தார். ஊர்க்கவுண்டர் சொன்னதையும், கூட்டத்துக்கு அழைத்தபோது நான் அவரிடம் போனில் ஒப்புக்கொண்டிருந்த பதினோரு நாள் விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நடுவில் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நேராக, வெகுநேரம் பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு என்னைச் சுட்டி, இரண்டு கையாலும் ஏதோ சொன்னார். களம் போனைப் பார்த்தது.

"அது அந்தப் பாப்பாவுக்கு. அத நான் சொல்ல மாட்டேனுங்க" என்றார் கணவர். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. அது எனக்கு உரியதுதான்.

அக்கா மறுபடி போன் பக்கம் திரும்பினார். பாயைக் காட்டினார், காகிதத்தைக் காட்டினார், தன் வாயைத் தொட்டுக் கையை விரித்தார். அவர் கைகள் நின்ற பிறகுதான் கணவர் பேசினார்.

"அவ சொல்றா, பாய் நல்லவருதான், கேட்டா குடுப்பாரு. ஆனா ஒவ்வொரு வாட்டியும் போய்க் கேக்கறதுக்கு எனுக்கு வாய் இல்ல. கேக்காம வர்றதுதான் எனுக்கு வேணும்னு சொல்றா. மெதுவா வந்தாலும் பரவால்லியாம்."

பிறகு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பி, "எங்க வூட்டு சொல்லு, வேணாம்ங்க" என்றார்.

ஒரு வீடு வேண்டாம் என்றால் போதும். ஆனாலும் ஊர்க்கவுண்டர் மீதி வீடுகளையும் கேட்டார். சரி என்று முன்பு சொன்னவர்கள் சிலர் மாற்றிக்கொண்டார்கள், சிலர் மாற்றவில்லை. என் அம்மா மாற்றவில்லை. எங்கள் வீட்டுச் சொல்லை அப்பா சொல்வதால் அது கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். பழைய இணைப்பே தொடரும், மாதக் கட்டணம் வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்வது என்று முடிந்தது. பாய் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜீப்புக்கு நடக்கும்போது என்னிடம், "மேல நான் திட்டு வாங்கணும்மா" என்றார். தெரியும் என்றேன். "அந்தப் பொண்ணு என்னை நல்லவன்னுச்சே, அதுவும் சேத்துதான் சொல்லுவேன்" என்றார். ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத முடியாது. காலை வகுப்பு இப்போதும் நின்று நின்றுதான் போகிறது. அந்த ஆறு பேரில் இருவர் மட்டும் தேர்வில் தேறினார்கள். என்னை முறைத்தவள் தேறவில்லை. வேகமான வகுப்பு இருந்திருந்தால் தேறியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், தேறியிருப்பாள். அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவளோடு உட்கார்ந்து வேறு வழி தேடினேன். இப்போது அந்தப் பயிற்சி மையத்திடம் பேசி, பாடங்களை விடியற்காலையில் பெட்டியில் இறக்கி வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் லைனில் ஆள் இல்லை. யாருடைய பங்கையும் குறைக்காமல் கிடைத்த வழி அது ஒன்றுதான். அடுத்த தேர்வுக்கு அவள் மறுபடி எழுதுகிறாள். ஒழுங்காணையத்திலிருந்து என் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் வந்தது, அதற்குமேல் வரவில்லை. மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறேன். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெட்டியில் என்னென்ன விதிகள் இருக்கின்றன என்பதை யாரும் வந்து பார்க்கலாம் என்று எழுதி, கீழே விதிகளை எழுத இடம் விட்டேன். இப்போதைக்கு அந்த இடத்தில் ஒரே வரி இருக்கிறது: எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு. மாற்ற வேண்டுமானால் கூட்டத்தில் கேட்டுத்தான் மாற்றுவேன். பாஸ்வேர்டை மூடிய உறையில் ஊர்க்கவுண்டரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்தேன்.

இந்த மாதம் காப்பிப் பறிப்பு தொடங்கியிருக்கிறது. முடிந்ததும் அவர் வந்துவிடுவார். ஒப்புக்கொண்ட சொல் அதோடு தீர்கிறது. அதுவரை மதியம் ஒரு மணிக்கு அக்கா பாறைக்கு வருகிறார். இதை எழுதும்போதும் ஜன்னலில் தெரிகிறார். போன் கல்லின்மேல் சாய்ந்திருக்கிறது. இன்று ஏதோ சண்டை போலிருக்கிறது, வலது கை இடது உள்ளங்கையில் அறைந்து அறைந்து எழுகிறது. எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. மடிக்கணினித் திரையில் பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. படம் போய்க்கொண்டிருக்கிறது.